கரி மேல் அடித்த வெள்ளை

நிலக்கரிக்குச் சுண்ணாம்பு அடிக்கிற உத்தியோகம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே, நேசையனுக்கு அது கிடைக்கும்வரை அவன் தெருவில் யாருக்கும் தெரியாது. தெரிந்த அன்றைக்குத் தெருவே சிரித்தது. சிரிக்காதவள் அவனுடைய அக்காள் பரிபூரணம் ஒருத்திதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும், "எந்தம்பி ரயில்ல இருக்கான்" என்று சொன்னாள். உண்மையில் அவன் ரயில் கம்பெனியில் இல்லை. கரி ஏஜெண்டு சீனிச்சாமியிடம் இருந்தான். ஆனால் ரயில் வண்டியின் மேலேறி நிற்கிறவன் ரயிலில் இல்லாமல் வேறு எங்கே இருக்கிறான் என்பது அவள் வாதம்.

பரிபூரணம் மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இருபத்திரண்டு வயதில் புருஷனைக் காலரா கொண்டுபோனது. அதற்கு முந்தின வருஷமே அப்பா போயிருந்தார். தன்னைவிடப் பத்து வயது இளைய தம்பியையும் அப்பாவின் தொழிலையும் அவள் சேர்த்தே எடுத்துக்கொண்டாள். தொழில் என்றால் வெள்ளையடிப்பு. கிறிஸ்துமசுக்கு முன்னால் கோயில் சுவர், பள்ளிக்கூடச் சுவர், போதகர் வீடு. தைப் பிறப்புக்கு முன்னால் இராஜபாளையத்தில் கூப்பிடுகிற வீடுகள். ஆலங்குளத்துப் பக்கமிருந்து வருகிற சுண்ணாம்புக் கல்லைப் பானையில் நீற்றி, மூன்று நாள் ஊறவிட்டு, பழைய வேட்டியில் வடிகட்டி, சோற்றுக் கஞ்சி சேர்த்து, கடைசியில் ஒரு சிட்டிகை நீலம் போடுவாள். கஞ்சி ஊற்றாத சுண்ணாம்பு கையில் ஒட்டும் என்பதும், பழைய பூச்சு எது, ஒட்டுப் போட்ட இடம் எது என்று பார்க்கிறவனுக்குத் தெரியவே கூடாது என்பதும் அவளுக்கு வேதத்துக்கு அடுத்தபடி. நேசையனை அந்த இரண்டையும் சொல்லித்தான் வளர்த்தாள். அவனும் அவற்றுக்கு மேல் எதையும் கற்றுக்கொண்டு மனத்தைக் குழப்பிக்கொள்ளவில்லை.

இராஜபாளையம் வழியாகத் தென்காசிக்குத் தண்டவாளம் போட்டு அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. கொல்லத்தில் ஓர் ஓட்டுத் தொழிற்சாலைக்கு அந்த வழியாகக் கரி போகத் தொடங்கியது. கடல் கடந்து கப்பலில் வந்த கரி, துறைமுகத்தில் மூடியில்லாத வேகன்களில் ஏறி, மதுரை, விருதுநகர் வழியாக வந்து, செங்கோட்டையில் எல்லை தாண்டும். செங்கோட்டை அந்நாளில் திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் ஆட்சி. அந்தப் பக்கம் வேறு அஞ்சல்தலை, வேறு காசு, வேறு சுங்கச் சாவடி. வேகனை எடை போட்டுப் பார்க்க எல்லையில் வசதி கிடையாது. அதற்காக ஓர் ஏற்பாடு இருந்தது. துறைமுகத்தில் கரியை மட்டப்படுத்தி, மேலே சுண்ணாம்புத் தண்ணீரைத் தெளித்து அனுப்புவார்கள். வழியில் எவனாவது ஒரு கூடை அள்ளினாலும் வெள்ளைக்கு நடுவில் கறுப்பாகக் காட்டிக்கொடுத்துவிடும். செங்கோட்டையில் தொழிற்சாலையின் குமாஸ்தா ஏணி வைத்து ஏறி எட்டிப் பார்ப்பார். வெள்ளை உடையாமல் இருந்தால் 'முழுசு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். கறுப்பு தெரிந்தால் குறைந்த கரிக்கு ஏஜெண்டு பொறுப்பு.

இதில் ஏஜெண்டு சீனிச்சாமிக்கு ஒரு தொல்லை இருந்தது. யாரும் தொடாவிட்டாலும், வண்டி ஆடுகிற ஆட்டத்தில் பாதிச் சுண்ணாம்பு உதிர்ந்துவிடும். மிச்சத்தைத் தென்காசிச் சாரல் கழுவிவிடும். ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் நடுவே, வேகன்கள் அரை நாள் ஒதுங்கி நிற்கிற ஒரு பக்கத் தண்டவாளத்தில், வெள்ளையைப் புதுப்பித்து அனுப்ப ஓர் ஆளைப் போட்டார். அந்த ஆள்தான் நேசையன். "வேகன் எல்லை தாண்டுறப்ப மேல ஒரு கறுப்பு தெரியக் கூடாது" என்று சீனிச்சாமி சொன்னார். அதற்கு மேல் விளக்க அவருக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை.

நேசையன் வீட்டுக்கு வந்து, சோற்றில் கைவைத்துக்கொண்டு கேட்டான். "கரிக்கு எதுக்குக்கா வெள்ள?"

பரிபூரணம் தெரியாது என்று சொல்லிப் பழகாதவள். சற்று நேரம் யோசித்தாள்.

"கோயிலுக்கு எதுக்குலே அடிக்கோம்? பெரிய ஆளு வார எடத்துல அழுக்கு தெரியக் கூடாதுன்னுதான. அங்கிட்டு மகாராசா சீமை. கறுப்பா எதுவும் உள்ள வரக் கூடாதுன்னு அவிய சட்டம் வச்சிருப்பாவ. நீ நல்லா அடி."

இரண்டாம் மாதம் அவன் இன்னொரு சந்தேகத்தோடு வந்தான். ஒரு வேகனில் ஒரு மூலையில் ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம் விழுந்து கறுப்பாகக் கிடக்கிறது, என்ன செய்ய என்று கேட்டான். சுவரில் பள்ளம் இருந்தால் என்ன செய்வோம் என்று அவள் திருப்பிக் கேட்டாள். மட்டப்படுத்தி அடிப்போம் என்றான். "பொறவு என்ன கேள்வி? ஒட்டு தெரியாமப் பாத்துக்க" என்றாள். அதோடு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். நான்கு வருஷம், வந்த பள்ளங்களையெல்லாம் சுற்றியிருக்கிற கரியைச் சரித்து மட்டப்படுத்தி, கஞ்சிச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு பூசி, தூரத்தில் போய் நின்று பார்த்து, திருப்தியான பிறகுதான் இறங்கினான்.

வேலைக்கு நல்ல பெயர் கிடைத்தது. தொழிற்சாலையின் செங்கோட்டைக் குமாஸ்தா ஸுந்தரராஜன், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலை அடுத்த வீதியில் பிறந்தவர். துறைமுகத்தான் அடிக்கிற வெள்ளை எச்சில் துப்பினதுபோல இருக்கும், இந்த வேகன்களோ காலையில் இட்ட திருமண்போல வருகின்றன என்று அவர் சீனிச்சாமிக்கு எழுதினார். அந்தக் கடுதாசியை சீனிச்சாமி படித்துக் காட்டினார். கிறிஸ்துமசுக்கு நேசையனுக்கு ஒரு வேட்டியும் எடுத்துக்கொடுத்தார். கரி குறைந்ததென்ற பேச்சே நான்கு வருஷமாக எழாததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். பரிபூரணம் அந்த வேட்டியை நேசையனைக் கட்டவிடவில்லை. மடித்துப் பெட்டிக்குள் வைத்து, வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டினாள்.

1932ஆம் வருஷம் கொல்லத்துத் தொழிற்சாலையில் எடைமேடை ஒன்று வாங்கி வைத்தார்கள். வேகனோடு நிறுத்துவிடலாம். முதல் மாதம் நிறுத்ததில் ஐந்து வேகனுக்கு மூன்றில் கரி குறைந்தது. எடைமேடை கோளாறு என்று நினைத்து அதைச் செய்த கம்பெனிக்கு எழுதினார்கள். அங்கிருந்து ஆள் வந்து சோதித்து, மேடை சரி, கரிதான் கோளாறு என்று சொல்லிப் போனான். அப்புறம் பழைய ரசீதுகளை எடுத்தார்கள். எல்லாவற்றிலும் 'முழுசு' என்று இருந்தது. எல்லாவற்றிலும் ஸுந்தரராஜன் கையெழுத்து இருந்தது.

ஸுந்தரராஜன் அடுத்த ரயிலிலேயே புறப்பட்டு வந்தார். அவருக்கு ஒரு திருடன் அவசரமாகத் தேவைப்பட்டான். யோசித்துப் பார்த்தால் ஆள் கிடைப்பதும் கஷ்டமில்லை. துறைமுகத்தில் எடை சரி. கொல்லத்தில் எடை குறைவு. நடுவே வெள்ளை உடையவே இல்லை. வெள்ளையை உடைத்து அள்ளிவிட்டு, உடைந்ததே தெரியாமல் திரும்பப் பூசத் தெரிந்தவன் அந்த வழி நெடுக ஒருவன்தான். அவனுடைய கைத்திறமைக்கு அவரே கடுதாசி கொடுத்திருக்கிறார். சீனிச்சாமியின் கரிக் கொட்டகையில் வைத்து நேசையனைக் கேட்டார். நேசையன் எதற்கும் ஒரே பதிலைச் சொன்னான்: "வெள்ள சரியாத்தான சாமி இருந்துச்சு?" வியாழக்கிழமை அடுத்த வேகன்கள் வரும், அதற்குள் உண்மையைச் சொல்லாவிட்டால் போலீசுக்கு எழுதிவிடுவேன் என்று சொல்லி, அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தம்முடைய வீட்டுக்குப் போனார்.

சாயங்காலம் நேசையன் வந்து நடந்ததைச் சொன்னான். வெள்ளை எதற்கு அடிக்கிறார்கள் என்று குமாஸ்தா கோபத்தில் கத்தினதையும் அப்படியே ஒப்பித்தான். ஒப்பிக்கும்போதும் அவனுக்கு அது விளங்கியிருக்கவில்லை. பரிபூரணத்துக்கு விளங்கியது. சுண்ணாம்புப் பானையைக் கலக்கிக்கொண்டிருந்தவள் கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தம்பி இந்த நான்கு வருஷமும் பூசினது சுவரை அல்ல, சாட்சியை. பூசச் சொன்னது யார் என்பதும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

அவளுக்கு இரண்டு வழிதான் இருந்தது. பேசாமல் இருந்தால் தம்பி கள்ளன், ஜெயில். பேசினால் தம்பி மடையன். அதுவும் யார் சொல்லி மடையன் ஆனான் என்று அடுத்த கேள்வி வரும். கள்ளனாவதற்காவது கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும் என்று ஒரு நிமிஷம் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றினதற்காக அன்றைக்கு முழங்காலில் நின்று அதிக நேரம் ஜெபித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் உட்கார்ந்த பாயில் இரண்டு பக்கமும் இடம் காலியாகவே கிடந்தது. பக்கத்து வீட்டுக் குருவம்மாள் கோயிலுக்கு வருகிற ஜாதியில்லை. ஆனால் செய்தி அவளுக்கு எல்லாரையும்விட முந்தி வந்துவிடும். திங்கட்கிழமை கிணற்றடியில் அவள், "என்ன பரிபூரணம், கப்பல்ல வந்த கரியில்லாம் ஒன் அடுப்புலதான் வேகுதாமே? அதான் ஒன் வீட்டுச் சோறு எம்புட்டு வெள்ளையா இருக்குன்னு பாத்தேன்" என்றாள். பரிபூரணம் குடத்தைக் கீழே வைத்து, அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அடுப்புக்கு முன்னால் குனியவைத்து, விறகுச் சாம்பலைக் கிளறிக் காட்டினாள். பார்த்தாயிற்றா என்று கேட்டாள். பார்த்தாயிற்று என்று குருவம்மாள் சொன்ன பிறகுதான் கையை விட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் கரிக் கொட்டகைக்குப் போனாள். சீனிச்சாமியும் ஸுந்தரராஜனும் இருந்தார்கள். அவள் பாதியை மட்டும் சொன்னாள். பள்ளம் வழியிலேயே விழுந்து வருகிறது; வியாழக்கிழமை வேகன் வந்து நிற்கும்போது, தம்பி ஏறுவதற்கு முன்னால், நீங்களே ஏறிப் பாருங்கள்; அவனை அதுவரை எங்கே வேண்டுமானாலும் உட்காரவைத்துக்கொள்ளுங்கள் என்றாள். மறுபாதியைச் சொல்ல வேண்டி வராமல் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினாள். ஸுந்தரராஜனுக்கு அது நியாயமாகப் பட்டது. சீனிச்சாமி உடனே, வியாழக்கிழமை பெரிய சோதனை, யாரும் வேகன் பக்கம் போகக் கூடாது என்று கொட்டகை ஆட்களிடம் உரக்கச் சொன்னார். தாம் ஜாக்கிரதையான மனுஷர் என்று காட்டுவதற்காக, வழியிலிருக்கிற ஸ்டேஷன்களுக்கெல்லாம் ஆள் மூலமும் சொல்லி அனுப்பினார்.

வியாழக்கிழமை காலை ஐந்து வேகன்கள் வந்து பக்கத் தண்டவாளத்தில் நின்றன. நேசையனை எட்ட ஒரு வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள். ஸுந்தரராஜன் வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். முதல் வேகன், இரண்டாம் வேகன் என்று ஐந்தையும் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"ஒரு பள்ளம் இல்லை. அஞ்சுலயும் வெள்ளை உடையலை; ரெண்டுல வெள்ளை வெளேர்னே இருக்கு. ஏம்மா, உன் தம்பி ஏறாத அன்னிக்கு மட்டும் பள்ளம் விழலை பார்த்தியா? நீயே வலிய வந்து நிரூபிச்சுக் குடுத்துட்டே."

சீனிச்சாமி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வேப்பமரத்தடியில் நேசையன் எழுந்து நின்றான். வெள்ளை வெளேர் என்று அவர் சொன்ன சொல் பரிபூரணத்தின் காதில் உறுத்தியது. துறைமுகத்திலிருந்து அத்தனை தூரம் ஆடி வந்த சுண்ணாம்பு எப்படி வெளேர் என்று இருக்கும்? தானும் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டாள். பொம்பளை வேகனில் ஏறுவதா என்று சீனிச்சாமி இழுத்தார். கோயில் கோபுரத்தின் சிலுவைக்கே வெள்ளையடித்தவள் அவள். சேலையை இழுத்துச் செருகி, கீழே கிடந்த விளக்குமாற்றுக் கட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

முதல் வேகன் சாம்பல் பூத்து, அங்கங்கே உதிர்ந்து, துறைமுகத்தான் தெளித்தபடியே இருந்தது. இரண்டாவது வேகனில் முக்கால் பங்கு அப்படி; மேற்கு மூலை மட்டும் பளிச்சென்று இருந்தது. அந்த மூலையை அவள் முகம் சுளித்துக்கொண்டு பார்த்தாள். அவள் கண்ணுக்கு முதலில் பட்டது திருட்டு அல்ல, வேலை. சுண்ணாம்பு திட்டுத் திட்டாக நின்றது. வேகனின் இரும்புப் பக்கத்தில் வழிந்து கோடு கோடாகக் காய்ந்திருந்தது. பழைய பூச்சும் புதுப் பூச்சும் சேருகிற இடத்தில் குருடனும் தடவிக் கண்டுபிடிக்கிற மாதிரி ஓர் ஒட்டு. உள்ளங்கையை வைத்து எடுத்தாள். கை வெள்ளையாக வந்தது.

"ஐயா, செத்த ஏறி வாங்க" என்று கூப்பிட்டாள். ஸுந்தரராஜன் ஏறி வந்ததும் கையை விரித்துக் காட்டினாள். "இது கஞ்சி ஊத்தாத சுண்ணாம்பு. நேத்து அவசரத்துல எவனோ அடிச்சது. எந்தம்பிய அடிச்சுக் கொன்னாலும் இந்த மாதிரி ஒரு ஒட்டுப் போட மாட்டான்."

சொல்லிவிட்டு, கையிலிருந்த விளக்குமாற்றுக் கட்டையை அந்த மூலையில் ஊன்றினாள். கட்டை கரியில் முட்டவில்லை. முழங்கை ஆழத்துக்கு உள்ளே போனது. ஸுந்தரராஜன் குனிந்து பிடித்து இழுத்தார். பனையோலைப் பாய் ஒன்று வெள்ளையும் கரித்தூளுமாக வந்தது. கீழே ஆள் படுக்கிற அளவுக்குப் பள்ளம். நான்காவது வேகனிலும் அப்படியே ஒரு பாய் இருந்தது. சோதனை என்று கேள்விப்பட்டவர்கள் அக்கறையாகத்தான் வேலை செய்திருந்தார்கள். தொழில் மட்டும் தெரியவில்லை. அவர்கள் யார், எந்த இடத்தில் அள்ளினார்கள் என்பது கடைசிவரை துலங்கவில்லை.

கீழே இறங்கி, கையைத் தட்டிக்கொண்டு, ஸுந்தரராஜன் இரண்டு பாய்களையும் தண்டவாள ஓரத்தில் விரித்துப் பார்த்தார். பரிபூரணம் இதோடு போகும் என்று நினைத்தாள். அவர் விடவில்லை.

"சரி. அள்ளினது இவன் இல்லை. ஒத்துக்கறேன். ஆனா நாலு வருஷமா பள்ளத்தைப் பார்த்தவன் இவன்தானே? ஒரு நாள், ஒருத்தர்கிட்ட, ஒரு வார்த்தை சொல்லலையே. பங்கு வாங்காதவன் ஏன் வாயை மூடிண்டு பூசணும்?"

எல்லாரும் நேசையனைப் பார்த்தார்கள். அவன் வழக்கம்போல, வெள்ளை சரியாத்தான் இருந்தது என்று சொல்ல வாயெடுத்தான். அதற்குள் பரிபூரணம் முன்னால் வந்தாள். கொட்டகை ஆட்கள் பத்துப் பேர் நின்றார்கள். அதில் மூன்று பேர் அவள் கோயில்காரர்கள். அவர்களையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"பங்கு வாங்கல ஐயா. அவனுக்கு அம்புட்டுப் புத்தி கெடையாது. பள்ளம் இருந்தாச் சொல்லணும்னு அவனுக்குத் தெரியாது, பூசணும்னுதான் தெரியும். மகாராசா சீமைக்குள்ள கறுப்பு போகக் கூடாதுன்னு சட்டம், அதுக்குத்தான் வெள்ளன்னு நினைச்சுக்கிட்டு அடிச்சான்." அங்கே நிறுத்தியிருக்கலாம். ஒரு மூச்சு விட்டு முடித்தாள். "அதையும் அவனா நினைக்கல. நாந்தான் சொல்லிக் குடுத்தேன்."

முதலில் சிரித்தவர் ஏஜெண்டு சீனிச்சாமி. அவர் சிரித்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. வேகன் தள்ளுகிற பால்துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டான். ஸுந்தரராஜன் மட்டும் சிரிக்கவில்லை. நான்கு வருஷம் அந்த வெள்ளையை நம்பிக் கையெழுத்துப் போட்டவருக்குச் சிரிப்பதில் ஒரு சங்கடம் இருந்தது.

கள்ளன் என்றபோதுகூட நேசையன் முகம் அப்படிப் போனதில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது பத்தடி முன்னாலேயே நடந்தான். இரண்டு நாள் அக்காளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "கள்ளன்னு விட்டிருந்தா, வேலைய சுத்தமாச் செஞ்சான்னாவது சொல்லியிருப்பாங்க" என்றான். அவள் அவன் சோற்றில் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

ஸுந்தரராஜன் கொல்லத்துக்கு அறிக்கை எழுதினார். நேசையனை மடையன் என்று எழுதினால், மடையனிடம் ஏமாந்தவர் யார் என்று தொழிற்சாலைத் துரை கேட்பார். ஆகவே இரண்டு நாள் யோசித்து, 'மேற்படி ஆளின் பூச்சு எவ்வளவு நேர்த்தியானது என்றால், தேர்ந்த கண்ணுள்ளவரும் அதில் குறை காண முடியாது' என்று எழுதினார். அனுப்புவதற்கு முன்னால் அதைச் சீனிச்சாமியிடம் படித்துக் காட்டினார். சீனிச்சாமி வந்து பரிபூரணத்திடம் சொன்னார். அவள் அந்த ஒரு வரியை மூன்று தடவை சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தம்பி மேல் விசாரணை வந்ததாமே என்று கேட்டவர்களுக்கு, ஆமாம், கொல்லத்துக் கம்பெனியே எழுதியிருக்கிறது என்று ஆரம்பித்து அந்த வரியை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள்.

நேசையன் வேலை போகவில்லை, மாறியது. இனி வெள்ளையைத் தொடக் கூடாது, வேகனில் ஏறிப் பார்த்து, பள்ளம் இருந்தால் அதைச் சுற்றித் தாரால் வட்டம் போட்டு, கொட்டகையில் வந்து சொல்லவேண்டும் என்று உத்தரவானது. அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு பள்ளமே வரவில்லை. நேசையன் பதினோரு வருஷம் தார் டப்பாவோடு வேகன் வேகனாக ஏறி இறங்கினான். ஒரு வட்டம்கூடப் போட வாய்க்கவில்லை. துறைமுகத்தான் திட்டுத் திட்டாகத் தெளித்து அனுப்பின வெள்ளையைப் பார்த்துக்கொண்டு, தொடாமல் இறங்கி வருவதுதான் அவனுக்குப் பெரிய பாடாக இருந்தது. சம்பளம் என்னவோ கூடியது. யுத்தம் வந்து கரிக்குத் தட்டுப்பாடாகி வேகன்கள் நின்றுபோன வருஷம், கையில் வெள்ளையடிக்கிற மட்டையோடு பழையபடி சுவருக்கே திரும்பினான்.

அந்தக் கிறிஸ்துமசுக்குக் கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள். பரிபூரணம் கீழே சுண்ணாம்பு கலக்கினாள். நேசையன் ஏணியில் நின்று அடித்தான். நடுவில் மட்டை நின்றது. அண்ணாந்து பார்த்தாள். பலிபீடத்துக்குப் பின்சுவரில், தூண் சேருகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கறுப்பாகத் தெரிந்தது. நேசையன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மட்டையை வாளியில் போட்டு, ஏணியிலிருந்து இறங்கி வந்து அவள் முன்னால் நின்றான்.

"அக்கா, ஒரு பள்ளம் இருக்கு. பூசவா, சொல்லவா?"

பரிபூரணம் சுற்றுமுற்றும் பார்த்தாள். கோயிலில் வேறு யாரும் இல்லை. பூசு என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போதகரைக் கூப்பிடப் போனாள். போதகர் சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்து, கை ஈரத்தோடு வந்து, இருவரும் காட்டின இடத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆமா, காரை பேந்துருக்கு. அதுக்கு என்னை எதுக்கும்மா கூப்பிட்ட? பூசவேண்டியதுதான?" என்றார்.

"பூசுவோம் ஐயா" என்றாள் பரிபூரணம். "நீங்க பாத்துட்டீங்கல்ல? அது போதும்." தம்பியைப் பார்த்து, "ஏறுலே" என்றாள்.